பி.பி. மெஷினுக்கும் சோதனை தேவை

ரேஷன் கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரியும். கையில் பட்டையைச் சுற்றி, ‘நூற்று ஐம்பது இருக்கு, மாத்திரையைக் கூட்டணும்’ என்று சொல்ல வைக்கும் மெஷினை மட்டும் கேள்வியே கேட்காமல் நம்பிவிடுகிறோம். இத்தனைக்கும் இரண்டுமே 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்துக்குள் வருபவை. அதன் கீழ் 2011-ல் வந்த பொது விதிகளில் ரத்த அழுத்தமானிக்கும் தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. 2013-ம் ஆண்டு விதிகளின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களும் அதைச் சரிபார்க்கலாம்.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பலருக்கு இப்போது பி.பி. பார்ப்பது வீட்டுத் திண்ணையிலேயே நடக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலப் பெண்கள் மெஷினோடு வீட்டுக்கே வருகிறார்கள். நல்ல திட்டம். அதனால்தான் மெஷின் சரியாக இருக்க வேண்டியது இன்னும் அவசியமாகிறது. ஒரு மெஷின் 5 புள்ளி கூட்டிக் காட்டினால், அது போகிற தெருவில் 137 உள்ளவரெல்லாம் உயர் ரத்த அழுத்த எல்லையைத் தாண்டி 142 ஆகி, தேவையில்லாத மாத்திரைக்குப் போவார்கள். தலைசுற்றி விழும் வயதானவர்களும் அவர்களில் இருப்பார்கள். 5 குறைத்துக் காட்டினாலோ, மருந்து தேவைப்படுகிறவர் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று இருந்துவிடுவார். பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியும்.

டிஜிட்டல் மெஷினில் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். ஒன்று, பட்டைக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை அது ஒழுங்காக அளக்கிறதா என்பது. துல்லியமான வேறொரு மானியோடு குழாய் போட்டு இணைத்து 50, 100, 150, 200 என்று ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். உலக அளவில் 3 புள்ளிக்கு மேல் பிசகக் கூடாது என்பது விதி. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. இந்த மெஷின் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலியைக் கேட்பதில்லை. நாடித் துடிப்பால் பட்டையில் எழும் அதிர்வை உணர்ந்து, மேல் அளவையும் கீழ் அளவையும் தனக்குள் இருக்கும் கணக்கின்படி போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே காற்றழுத்தம் சரியாக இருந்தும் விடை தப்பாகலாம். அந்த மாடல் மனிதர்களிடம் சோதித்துத் தேறியதா என்று பார்ப்பதும் அதனால்தான் முக்கியம். நாடி சீரில்லாமல் துடிப்பவர்களுக்கு நல்ல மெஷினும் தடுமாறும். அவர்களுக்கு டாக்டர் கையால் பார்ப்பதே நல்லது. முள் வைத்த மானி கீழே விழுந்தால், முள் பூஜ்யத்தில் நின்றாலும் உள்ளே பிசகியிருக்கக்கூடும்.

மெஷினை விடப் பெரிய தப்பு பட்டையில் நடக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடிக் காட்டியது. கை பருமனாக இருந்தால் ‘பெரிய பட்டை இருக்கா?’ என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நர்ஸைக் குறை சொல்வதாகாது. மற்றபடி ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்தால் போதும்.

வீட்டு மெஷினை ஆண்டுக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில், அவர் மெஷினிலும் உங்கள் மெஷினிலும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 5-க்குள் என்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் அந்த மெஷினை நம்பி மாத்திரை போடாதீர்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

புதிதாக வாங்கும்போது பெட்டியில் உற்பத்தி உரிம எண்ணோ இறக்குமதி உரிம எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் அதைக் கேட்கின்றன. இல்லையென்றால் வாங்க வேண்டாம்; மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். பில், வரிசை எண், பெட்டியின் போட்டோ மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தப்பாகக் காட்டும் மெஷினை மாற்றித் தர கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லையென்றால் விழுப்புரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. தப்பான அளவால் உடலுக்குப் பாதிப்பு வந்திருந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் சொல்லுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளை இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் பதிவு செய்துவருகிறது.

அரசு மருத்துவமனை மெஷின் மீது சந்தேகம் என்றால் முதலில் அங்கேயே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையானாலும், பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி, ‘இங்குள்ள ரத்த அழுத்தமானிகள் கடைசியாக எந்தத் தேதியில், யாரால் சரிபார்க்கப்பட்டன? சான்றின் நகல் தேவை’ என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.