கடல் இல்லாத ஊரில் ஆன்டெனா ஏன் அரிக்கிறது?

உப்புக்காற்றுப் பிரச்சினையெல்லாம் சென்னைக்காரங்களுக்குத்தான், நமக்கில்லை என்று ஓசூர் மாடிகளில் ஆன்டெனா நட்டிருப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியை மார்கழி காலையில் மாடிக்குப் போய்க் கம்பியைத் தொட்டால் தெரிஞ்சுக்கலாம். ஈரம் கையில் ஒட்டும்.

திறந்தவெளியில் உலோகம் எவ்வளவு அரிக்கும் என்பதை உப்பு, கந்தகப் புகை, ஈரமாக இருக்கும் நேரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இங்கே உப்பு கிடையாது. சிப்காட் ஜெனரேட்டர்களும் நெடுஞ்சாலை லாரிகளும் விடும் புகையில் கந்தகம் முன்பு போல இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து டீசலில் அதன் அளவு பத்து லட்சத்தில் 10 பங்குதான். மிச்சம் ஈரம். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகமில்லாத ராத்திரியில் கம்பி தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். அதன் மேல் பனி இறங்கும். மழையே இல்லாத நாளிலும் வெயில் ஏறும்வரை அது நனைந்துதான் நிற்கிறது.

நனைந்தால் அலுமினியக் குழாய்க்குப் பெரிய சேதமில்லை. அதன் மேல் படியும் ஆக்சைடே அதற்குக் கவசம். கேபிளின் செம்புக் கம்பி அந்த அலுமினியத்தைத் தொடும் இடம்தான் வம்பு. இரண்டு உலோகம், நடுவில் ஒரு சொட்டு நீர்: இது ஒரு குட்டி பேட்டரி. புத்தகக் கணக்கில் அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட், செம்பு பிளஸ் 0.34. ஆக்சைடு படலம் இருப்பதால் நடைமுறையில் இடைவெளி இதைவிடக் குறைவு, ஆனாலும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர அது போதும்.

அந்தப் பொடியும் களிம்பும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. போதாக்குறைக்கு ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கும் டயோடு மாதிரி நடந்துகொள்ளும். பெங்களூரு வானொலியின் 612 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை அப்படியொரு மூட்டில் பட்டால் அதன் மூன்று மடங்கு, அதாவது 1836 கிலோஹெர்ட்ஸ், அங்கேயே பிறக்கும். அது 160 மீட்டர் அமெச்சூர் அலைவரிசைக்குள் விழுகிறது. கேட்பவர் ரேடியோ பெட்டியைத் திட்டுவார். குற்றவாளி மாடியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டாக இருக்கலாம்.

இதைவிட மோசமானது கேபிளுக்குள் நீர் இறங்குவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, பின்னல் கம்பிக்குள் நீர் மீட்டர் கணக்கில் ஊடுருவும். 145 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் சுமார் 5.5 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுகிறது. பின்னலில் அது இழைக்கு இழை தாவிப் போக வேண்டும். இழைகள் கறுத்துப்போனால் சக்தி வழியிலேயே சூடாகக் கரையும்.

இங்கேதான் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் ஏமாத்தும். அது திரும்பி வரும் சக்தியை அளக்கிறது. கேபிளில் இழப்பு கூடக்கூடத் திரும்பி வருவதும் குறையும். போக 10 டெசிபெல், வர 10 டெசிபெல் என்று கேபிள் தின்றுவிட்டால், மேலே ஆன்டெனாவே கழன்று கிடந்தாலும் மீட்டர் 1.2 என்று காட்டும். கெட்டுப்போகப் போக நல்ல எண் வரும்! 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் தகவல் தொடர்பு அறுந்த நேரத்தில் அமெச்சூர் வானொலிதான் கைகொடுத்தது. அது சில வாரங்களுக்கு முன் நட்ட ஆன்டெனா. நம்முடையது நாலைந்து மழைக்காலம் பார்த்தது. 1.2 காட்டுதேன்னு நம்பி இருந்தால், ஒரு புயல் ராத்திரியில் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது.

சோதிக்க ஒரு வழி: மேல்முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கீழே நானோ வி.என்.ஏ. வைத்து 145-இல் அளந்து பாருங்க. 20 மீட்டர் ஆர்.ஜி. 213 நல்லபடியாக இருந்தால் 5-ஐ ஒட்டிக் காட்டும். மெலிந்த ஆர்.ஜி. 58 என்றால் 2-க்குக் கொஞ்சம் மேல். அதற்கும் ரொம்பக் கீழே வந்தால் கேபிளை மாற்றிவிடலாம், உலர்த்திப் பயனில்லை.

பி.எல். 259 கனெக்டர் நீர் புகாதது இல்லை. தானே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றணும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் ஓடு வேய்ந்த மாதிரி நீரை வெளியே தள்ளும். வெறும் பி.வி.சி. டேப் நம்ம வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம், அந்த அமிலமே செம்பை அரிக்கும். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈயம் பூசிய லக் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்க. கனெக்டருக்குக் கீழே கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

எர்த் கிளாம்பை யாரும் பார்ப்பதில்லை. ஜி.ஐ. பைப்பில் செம்புக் கம்பியை நேராகச் சுற்றியிருந்தால் அங்கே துத்தநாகப் பூச்சு முதலில் போகும், பிறகு இரும்பு. சித்திரை இடிமழை வருவதற்கு முன் அதையும் ஒருமுறை கழற்றிச் சுரண்டி இறுக்கிவிடுங்க.