கொல்லிமலை மழையில் ஒரு துணிவீடு

கொல்லிமலையில் அடைமழை பெய்து ஓய்ந்த விடியற்காலை. கூடாரத்துக்குள் படுத்தபடியே தலைக்கு மேலே துணியைத் தொட்டால் விரலில் ஈரம். டென்ட் ஒழுகுகிறது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது மழைத்தண்ணீர் அல்ல, நம் மூச்சு. ஓர் ஆள் இரவு முழுக்க மூச்சிலும் தோலிலும் ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீரை ஆவியாக விடுகிறார்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவந்தால், இங்கே உயரம் 1,000 மீட்டருக்கு மேல். மழைநாளில் மேகமே தரையில் தவழும். அந்தக் குளிரில் ஆவி உடனே துளியாகிவிடும். ஆகவே இரண்டடுக்குக் கூடாரம் வாங்குங்கள். உள்ளே வலைத்துணி, வெளியே நீர்புகா மேலுறை, நடுவே கையகல இடைவெளி. ஆவி வலையைக் கடந்து மேலுறையில் துளியாகி, நம்மேல் படாமல் தரைக்கு வழியும்.

கூடாரத்தின் விவரச் சீட்டில் 3000 மி.மீ. என்றிருந்தால், சோதனையில் 3 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கியது என்று பொருள். மேலுறைக்கு அது போதும். முழங்கால் ஊன்றும் தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்; அதன் ஓரம் தாம்பாளம்போல் எழுந்து நிற்க வேண்டும். தையல் துளைகளைப் பட்டை ஒட்டி அடைத்திருக்கிறார்களா என்று கடையிலேயே பாருங்கள்.

அடுத்தது காற்று. வேகம் இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. ஆள் நிமிர்ந்து நிற்கும் கூடாரம் மேட்டில் கப்பல் பாயாகிவிடும். கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தாழ்ந்த கவிகை வடிவமே தாங்கும். கண்ணாடியிழைக் கம்பி பிளந்துபோகும். நல்ல அலுமினியக் கம்பி வளைந்துகொடுக்கும்.

ஊறிய மண்ணில் மெல்லிய ஆணிமுளை நிற்காது. அகன்ற முளையை, தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறம் சாயும்படி அடியுங்கள். நைலான் துணி நனைந்தால் தொய்யும். படுக்குமுன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டுங்கள்.

காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடி ஒதுக்கமாகத் தெரியும். காற்றில் கிளை முறிந்து விழும். அய்யாற்றின் கரையும் வேண்டாம். மேலே பெய்த மழை இருட்டில் வெள்ளமாக வரும். காப்புக்காட்டில் தங்க வனத்துறை அனுமதி வேண்டும்.

எவ்வளவு குளிர்ந்தாலும் மேலுறையின் காற்றுத் திறப்பை மூடாதீர்கள். மழைக்குப் பயந்து அதை மூடியவர்தான் விடியலில் நனைந்து எழுவார்.