இரண்டாவது நாயை வீட்டுக்கு அழைத்து வருமுன்

சமீப காலமாக என்னிடம் சிகிச்சைக்கு வரும் நாய்களில், தெருநாயிடம் கடிபட்டவற்றைக் காட்டிலும், வீட்டு நாய்க்குத் துணையாக இருக்கட்டும் என்று எஜமானர் பிரியமாக வாங்கி வந்த மற்றொரு நாயிடம் கடிபட்டவை அதிகமாகி வருகின்றன. அவற்றையும் கடி நேர்ந்த அன்றே கொண்டுவராமல், மஞ்சளை அப்பி, நாலு நாள் பொறுத்துப் பார்த்து, ரணம் சீழ் பிடித்து நாற்றமெடுத்த பிறகே கொண்டுவருகிறார்கள்.

தாமே சமாதானமாகிவிடுமா?

இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டால், சண்டையிட்டுப் பெரியவர் யாரென்று தீர்மானித்துக்கொண்டு, பின்னர் சிநேகமாகிவிடும் என்னும் அபிப்பிராயம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அது தவறு, ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கே வித்திடுகிறது. தான் உண்ணும் தட்டையும் உறங்கும் மூலையையும் அன்னியப் பிராணி ஒன்று திடீரென்று பங்கு கேட்கும்போது, பழைய நாய் உறுமுவது அதன் சுபாவம். அந்த உறுமலுக்காக அதை அடிப்பவர்கள், எச்சரிக்காமலே கடிப்பதற்கு அதைப் பழக்குகிறார்கள்.

குட்டியை எந்த நாயும் கடிக்காது என்பதும் வீண் நம்பிக்கை. மூட்டுவலியால் அவதிப்படும் வயோதிக நாய்க்குக் குட்டியின் துள்ளலே பெரிய உபத்திரவம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பிணக்கு குறையும் என்பது பெரும்பாலும் மெய்தான். ஆனால் சோற்றுத் தட்டின் அருகே அந்த நியாயம் செல்லுபடியாகாது.

முதல் பதினான்கு நாட்கள்

சண்டை மட்டுமல்ல, நோயும் புது நாயோடு வரலாம். நாய்களைத் தாக்கும் பார்வோ கிருமி உட்புகுந்த பின், வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களும், சில வேளை 14 நாட்கள் வரையிலும் ஆகுமாதலால், இன்று ஆரோக்கியமாகத் தோன்றும் குட்டி நோயைச் சுமந்து வந்திருக்கக்கூடும். ஆகவே 14 நாட்களாவது தனி அறையும் தனிப் பாத்திரமும் அவசியம். பார்வோவால் ஒரு குட்டி இறந்த வீட்டின் மண்ணில் அக்கிருமி பல மாதங்கள் உயிர்த்திருக்கும். அங்கே தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தத் தொடர் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் வரை நீள்வது. மலப் பரிசோதனையும், உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மஞ்சளும் மாத்திரையும்

நாய்க்கடி வெளியே சிறு துவாரமாகவே தெரியும்; உள்ளேயோ தோல் தசையை விட்டுப் பிரிந்து கிழிந்திருக்கும். மஞ்சளால் அந்தத் துவாரத்தை அடைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுப்பது இதனினும் கொடிது: ஐப்யூபுரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் ஒழியவில்லையே!

சண்டையை விலக்கப் போய் நீங்கள் கடிபட்டால், ‘நம் வீட்டு நாய்தானே’ என்று இருந்துவிடாதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

என் வேண்டுகோள்

தனித்திருக்கும் காலம் முடிந்ததும், வீட்டு வாசலுக்குள் அல்லாமல், இரண்டுக்கும் உரிமையில்லாத ஒரு மைதானத்தில், ஆளுக்கொரு நாயாக இருவர் பிடித்துக்கொண்டு, எட்ட நின்றே இணையாக நடக்கச் செய்து, இரண்டும் பதற்றமின்றி நடக்கும் அளவுக்கு மட்டும் தினந்தோறும் தூரத்தைக் குறைத்து வாருங்கள். வீட்டுக்குள் சோறு எந்நாளும் தனித்தனி இடத்தில் இருக்கட்டும். நீங்கள் வெளியே போகையில் இரண்டையும் பிரித்தே வையுங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அவ்வளவு அவகாசம் இல்லாதவர்கள் தயவுசெய்து இருக்கிற ஒரு நாயோடு திருப்தியடையுங்கள்; மீறிக் கடி நேர்ந்துவிட்டால், மஞ்சள் டப்பாவைத் தேடாமல் அன்றைக்கே வாருங்கள்.