எந்த வகுப்பில் என்ன தெரிய வேண்டும்? அமெரிக்காவின் ‘காமன் கோர்’

அமெரிக்காவில் பள்ளிக்கல்வி மாநிலங்களின் பொறுப்பு. ஆண்டுதோறும் தேர்வு நடத்தச் சொன்ன 2002ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டமும், தேர்ச்சிக்கான மட்டத்தை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஒரு மாநிலத்தில் கணக்கில் தேறிய பிள்ளை அடுத்த மாநிலத்துக்குக் குடிபோனால், அங்கே பின்தங்கியவளாகக் கருதப்படலாம்.

இதைச் சரிசெய்ய 2009இல் மாநில ஆளுநர்களின் சங்கமும் மாநிலப் பள்ளிக்கல்வித் தலைவர்களின் மன்றமும் கைகோத்தன. மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை, ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்குமான பொதுத் தரநிலைகள் 2010 ஜூனில் வெளியாயின. அவைதான் ‘காமன் கோர்’.

தரநிலை என்பது ஓர் ஆண்டின் முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. ஓரிலக்க எண்களின் பெருக்கல் வாய்ப்பாடு 3ஆம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடமாக வேண்டும் என்பது ஓர் எடுத்துக்காட்டு. எந்தப் பாடநூல், எந்தப் பயிற்சி என்பதெல்லாம் பள்ளிகளின் முடிவு.

பெற்றோரைக் குழப்பியது கணக்குதான். 38உடன் 27ஐக் கூட்ட நாம் ஒன்றை மீதி வைத்து மேலே எழுதுவோம். காமன் கோர் 2ஆம் வகுப்பில் இட மதிப்பைப் புரிந்து கூட்டச் சொல்கிறது: 30உம் 20உம் 50, 8உம் 7உம் 15, ஆக 65. நமக்குப் பழகிய முறையில் 4ஆம் வகுப்பில்தான் தேர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது. காரணம் விளக்கப்படாத வீடுகளில், பிள்ளைக்கு எப்படி உதவுவது என்று தெரியாமல் பெற்றோர் தவித்தார்கள்.

இத்தரநிலைகளைக் கூட்டரசு எழுதவில்லை. ஆனால், 435 கோடி டாலர் போட்டி நிதிக்கு விண்ணப்பித்த மாநிலங்களில், பொதுத் தரநிலைகளை ஏற்றவற்றுக்குக் கூடுதல் புள்ளிகள் கொடுத்தது. பொருளாதார நெருக்கடிக் காலம். 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் விரைந்து ஏற்றன. டெக்சஸ், வர்ஜீனியா, அலாஸ்கா, நெப்ராஸ்கா ஆகியவை ஏற்கவில்லை.

அந்த அவசரமே வினையானது. வாஷிங்டன் தங்கள் பள்ளிக்குள் தலையிடுகிறது என்று ஒரு தரப்பு கொதித்தது. புதிய பாடநூலும் பயிற்சியும் முழுமையாக வந்துசேருமுன்பே, புதிய தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத் தங்களை எடைபோடுகிறார்கள் என்று ஆசிரியர்கள் குமுறினார்கள். 2015இல் நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாணவர் தேர்வையே எழுதவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, ஏற்ற மாநிலங்களில் முதலாவதாக இண்டியானா விலகியிருந்தது. வேறு பல மாநிலங்கள் பெயரை மாற்றிவிட்டு உள்ளடக்கத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டன. 2015 டிசம்பரில் வந்த சட்டம், எந்தத் தரநிலையையும் மாநிலங்கள்மீது திணிக்கக் கூட்டரசுக்குத் தடை விதித்தது.

எந்த ஊரில் பிறந்தாலும் பிள்ளைக்கு ஒரே மட்டத்துக் கல்வி என்ற நோக்கம் நியாயமானது, காக்கப்பட வேண்டியது. ஆனால் ஆசிரியருக்குப் பயிற்சி, பெற்றோருக்கு விளக்கம், அதன் பிறகே தேர்வு என்ற வரிசை தவறினால், நல்ல தரநிலையும் வகுப்பறையில் வேர்பிடிக்காது. பொதுத் தரநிலை கொண்டுவர நினைக்கும் எந்த அரசும் முதல் செலவை ஆசிரியருக்காகச் செய்ய வேண்டும்.