தண்டவாளமும் திரையும் – 9: மூட்டை இறங்கும் நேரம்

மேல்சித்தாமூரில் சம்பா நட்ட வயலுக்கு மேலுரம் வேண்டுமென்றால், முதலில் முண்டியம்பாக்கத்தில் கூட்ஸ் வந்து நிற்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்துக்கான உரம் ரயிலில் அங்கே வந்து இறங்கி, லாரிகளில் கூட்டுறவு சங்கங்களுக்கும் கடைகளுக்கும் பிரிகிறது. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை வரும் என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். அதுவரை லாரிதான்.

ரயில் சிமுலேட்டர்களில் இந்த மூட்டை இறக்கும் வேலை எங்கே இருக்கிறது? 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெய்ன் சிமுலேட்டரில் சரக்கு வேலை என்றால் வேகனைக் கோர்ப்பதும் கழற்றுவதும்தான். அடுத்து 'ட்ரெய்ன்ஸ்' 2004 பதிப்பு ஒரு பெரிய அடி எடுத்து வைத்தது. சுரங்கத்தின் ஏற்றுமிடத்துக்குள் வண்டியை மெல்ல ஊர்ந்தபடி ஓட்டினால், வேகன் வேகனாக நிலக்கரி நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். 'டிரெயில் வேலி'யிலோ வேலைத்தாளை இயந்திரத்தில் செருகினால் போதும், சில நொடிகளில் சரக்கு ஏறிவிடும்.

நிலக்கரியை விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. அதை ஏற்றுவதும் கொட்டுவதும் இயந்திரம். அனல் மின் நிலையத்தில் டிப்ளர் வேகனையே புரட்டிக் கவிழ்த்துவிடும். இயந்திரத்தைத் திரையில் காட்டுவது எளிது. மூட்டையைக் காட்டுவது எளிதல்ல.

யூரியா வருவது மூடிய பிசிஎன் வேகனில். ஒரு முழு ரேக்குக்கு வழக்கமாக 42 வேகன், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 60 டன். மூட்டை இப்போது 45 கிலோ. ஆக ஒரு வேகனில் மட்டும் 1,300 மூட்டைக்கு மேல். அத்தனையும் ஆள் தலையில்தான் இறங்க வேண்டும். கதவோர மூட்டைகள் சீக்கிரம் போய்விடும். பிறகு வேகனின் இரண்டு முனைகளையும் நோக்கி வேலை நகர நகர, சும்மாடு கட்டிய லோடுமேன் நடக்கும் தூரமும் கூடுகிறது; இரும்புக் கூரைக்குக் கீழே வெக்கை வேறு. மழை வந்தால் கதவைச் சாத்த வேண்டும், ஏனென்றால் யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். சம்பாவுக்கு மேலுரம் தேவைப்படுவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே மாதங்களில்! அந்த நேரத்திலும் ரயில்வேயின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இலவச நேரம் தாண்டினால் வேகனுக்கு மணிக் கணக்கில் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம்.

இது எதுவும் இல்லாத விளையாட்டை மெய்யானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெட்டியின் துருவையும் கதவின் ஆணியையும் அவ்வளவு அக்கறையாக வரைந்தவர்கள், அதைக் காலி செய்கிறவர்களை வரையாமல் விட்டிருக்கிறார்கள்.

ஓட்டுகிறவருக்கும் இதில் வேலை உண்டு. காலி பிசிஎன் சுமார் 25 டன். நிரம்பினால் 80-ஐத் தாண்டும். அதனால் இவ்வகை வேகன்களின் அடியில் 'காலி', 'லோடு' என்று பிரேக் விசையை மாற்றும் கைப்பிடி ஒன்று இருக்கும். புதிய வேகன்களில் எடையை உணர்ந்து தானே மாறும் கருவி வந்துவிட்டது. பழையதில் ஆள்தான் திருப்ப வேண்டும். லோடு ஏற்றிய வேகனில் அது 'காலி'யிலேயே நின்றால் பிரேக் போதாது. காலி வேகனில் 'லோடு'வில் நின்றால் சக்கரம் பிடித்துக்கொண்டு தேய்ந்து தட்டையாகும்.

சிமுலேட்டர் எழுதும் நம் பிள்ளைகள் முண்டியம்பாக்கத்தையே ஒரு பணியாக அமைக்கலாம். காலையில் ரேக் வருகிறது, பத்து மணிக்கு மழை, லாரி தாமதம். கடைசி வேகன் காலியான பிறகு, 42 கைப்பிடியையும் பார்த்துக்கொண்டே நடந்து முடித்தால்தான் எஞ்சின் மாட்டலாம்.