ஒரு சாண் முன்பாரம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் சித்தப்பா போன வருடம் ஒரு டிராக்டர் வாங்கினார். ஜப்பானில் யாரோ ஒருவர் வயலில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி வந்து, இங்கே புதுச் சாயம் பூசிக்கொண்ட 24 குதிரைத்திறன் சின்ன டிராக்டர். அவருடைய சொந்த நிலத்தை உழ அதற்கு ஒரு நாள் போதும். மீதி நாளெல்லாம் சிம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், கோலகங்சார் என்று அடுத்தவர் நிலத்தை உழுது அது தன் கடனைத் தானே அடைக்க வேண்டும்.

"இழுக்க ஹைலக்ஸ் பிக்கப் இருக்கு தம்பி. ஏத்திக்கிட்டுப் போகத்தான் ஒண்ணும் இல்ல. நல்ல டிரெய்லரா ஒண்ணு பாத்துச் சொல்லு. நீதான் சயின்ஸ் எழுதுறவனாச்சே" என்றார்.

ஓட்டிக்கொண்டே போகலாமே என்று கேட்டேன். அது மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி. ஈப்போவுக்குப் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம் ஆகும். சேற்றைக் கடிப்பதற்காகச் செய்த டயர்ப் பற்கள் தாரில் தேயும். பின்னால் வரும் லோரிக்காரர்களின் ஹார்ன் வேறு.

பேராக்கில் ஒரு சின்ன டிராக்டர் இப்படி ஊர் ஊராக அலைவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் நிற்கிறது. பிறகு கிந்தாப் பள்ளத்தாக்கின் ஓரமெல்லாம் பால்மரக் காடானது. தோட்டம் முழுசாக இருந்தவரை அதன் டிராக்டர் தோட்டத்து எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே வரவில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கியபோது தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தப்பியவை தப்பின. மற்ற இடங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும், இரண்டு ஏக்கர் வாழை, மூன்று ஏக்கர் மரவள்ளியாகவும் சிதறின. நிலம் துண்டானால் இயந்திரமும் சிறுக்கும். சிறுத்த இயந்திரம் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் பயணம் போயாக வேண்டும்.

எனக்கும் சித்தப்பாவுக்கும் முதல் வாக்குவாதம் எடையில் வந்தது. டிராக்டர் 650 கிலோ என்று தாளில் போட்டிருந்தது. "அப்ப எழுநூறு கிலோ தாங்குற டிரெய்லர் போதும்" என்றார். போதாது. டிராக்டரின் பின்னால் தொங்கும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் 220 கிலோ. டீசல் டின், கருவிப்பெட்டி, சங்கிலி எல்லாம் சேர்ந்து ஒரு 50. டிரெய்லருக்கே எடை இல்லையா? இரும்புச் சட்டமும் இரண்டு அச்சும் உள்ள சின்ன டிரெய்லர் 500 கிலோவாவது வரும். ஆக மொத்தம் 1,420 கிலோ. தாளில் படித்த எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சிலர் பிடிமானத்துக்காகப் பின்டயரில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ என்று அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

டயரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஓர் எண் அச்சாகியிருக்கும். அது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. சிறு கார்களின் 14 அங்குல டயரில் பெரும்பாலும் 82 என்று இருக்கும். அதற்குப் பொருள் 475 கிலோ. ஒற்றை அச்சில் இரண்டு டயர் போட்டால் 950. நம் 1,420 அதில் நிற்காது. அதே 14 அங்குலத்தில் வேன்களுக்கான 185 ஆர் 14 சி டயரில் 102 என்று இருந்தால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் உருண்டை, ஒன்றுபோல் கறுப்பு. பழைய காரிலிருந்து கழற்றிய டயரைப் போட்டு டிரெய்லரை மலிவாக முடித்துத் தரும் பட்டறைகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

ஆனால் எவ்வளவு எடை என்பதைவிட எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் இழுகுண்டின் மேல் அமர்ந்திருக்கிறது. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு அந்த மூக்கின் வழியாக இறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள். ஆனால் மூக்கு கீழ்நோக்கி அழுத்த வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. நான் பேனாவை எடுத்து ஈர்ப்பு மையம், நெம்புகோல் என்று வரைந்து விளக்க ஆரம்பித்தேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முன்பாரம்னு சொல்லு" என்றார்.

அவர் தாத்தா தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்து நசுங்கும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால் வண்டி ஆடாமல் வரும். மாட்டின் நடையைப் பார்த்தே மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று சொல்லிவிடுவார்களாம். ஹைலக்ஸுக்குக் கழுத்து இல்லை. அது வலிக்கிறது என்று சொல்லவும் சொல்லாது. அதனால்தான் நமக்குக் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்கு சின்னதுதான். 1,420 கிலோவில் பத்து விழுக்காடு 142. இழுகுண்டிலிருந்து அச்சு (இரண்டு அச்சென்றால் அவற்றின் நடு) வரை 2.7 மீட்டர் என்றால், மொத்த எடையின் மையம் அச்சுக்கு 27 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும். ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். அதை எட்ட, அச்சுக்கு நேர் மேலே மையம் கொண்டிருந்த டிராக்டரை ரோட்டவேட்டரோடு சேர்த்து 44 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் போதும். அதே அளவு பின்னே நகர்த்தினால் மூக்கு பிக்கப்பின் பின்பக்கத்தைத் தூக்கத் தொடங்கிவிடும்.

பின்பாரத்துடன் போகும் டிரெய்லர் ஏன் ஆடுகிறது? காற்றோ குழியோ அதன் பின்பக்கத்தை இலேசாக ஒரு பக்கம் தள்ளுகிறது. டயர்கள் அதைத் திரும்ப இழுக்கின்றன. நேராக வந்ததும் நிற்காமல் மறுபக்கம் போகிறது. ஊஞ்சல் மாதிரி. மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அந்த அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சோதனையில் முக்கியமாக வந்தவை மூன்று: மூக்கின் எடை, அச்சு இருக்கும் இடம், பாரம் மையத்தை விட்டு எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது. ஆகவே கனமான பொருளை இரு முனைகளிலும் வைத்து "சமப்படுத்துவது" சமமே அல்ல. பாரம் அச்சை ஒட்டியே இருக்க வேண்டும், ஒரு சாண் முன்னால்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று காப்பிக் கடையில் சொல்லும் அறிவுரையை நம்ப வேண்டாம். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி. பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் முன்னே தள்ளி மடங்கும்.

பிரேக் என்றதும் சித்தப்பா முகம் சுருங்கியது. பிரேக் வைத்த டிரெய்லர் விலை கூடுதல். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம்முடையது அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அந்த 1,420 கிலோவில் சுமார் 197 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. 80இல் அது 351 ஆகிவிடும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. இறக்கம் இன்னும் மோசம். ஈப்போவிலிருந்து தைப்பிங் பக்கம் போகிறவர்களுக்கு ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை வரும் மலைப்பகுதி தெரியும். கனரக லோரிகள் அங்கே மூச்சு வாங்குவதையும் மறுபக்கம் பிரேக் நாற்றம் வருவதையும் பார்த்திருப்பார்கள். நம் டிரெய்லர் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய வெப்பம், நாலரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. டிரெய்லருக்குப் பிரேக் இல்லையென்றால் அத்தனையும் பிக்கப்பின் தலையில். தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

சிறு டிரெய்லர்களில் வைப்பது பெரும்பாலும் தள்ளு பிரேக். முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் தன் வேகத்தாலேயே முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் மூக்கில் உள்ள ஒரு தண்டை அமுக்கி, சக்கர பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. மின்சாரமும் வேண்டாம், பிக்கப்பில் இன்னொரு இணைப்பும் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

விபத்துக்குச் சாலைதான் இடம் என்று நினைக்கிறோம். ஏற்றும்போதே டிராக்டர் கவிழலாம். தளம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர், ஏற்றுப்பலகை 2 மீட்டர் என்றால் சரிவு 17.5 பாகை. சித்தப்பாவின் டிராக்டர் மாதிரி ஒன்றில் ஈர்ப்பு மையம் பின்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் டிராக்டர் பின்னால் கவிழ 45 பாகைச் சரிவு வேண்டும். பின்அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 220 கிலோ ரோட்டவேட்டரைத் தூக்கி மாட்டுங்கள். மையம் பின்னே நகர்ந்து, அச்சுக்கு 20 சென்டிமீட்டர்கூட முன்னால் இல்லாமல் போகிறது. உயரம் மாறாவிட்டால், இப்போது சுமார் 18 பாகையிலேயே முன்சக்கரம் எழும்பும். பலகையின் சரிவுக்கும் கவிழ்வதற்கும் நடுவே அரைப் பாகைதான். கிளட்சை ஒரு வெடுக்கென்று விட்டால் அதுவும் போய்விடும்.

மூன்று மீட்டர்ப் பலகை போட்டால் சரிவு 11.5 பாகைக்கு இறங்கும். இல்லாவிட்டால் ரோட்டவேட்டரைக் கழற்றித் தனியாக ஏற்ற வேண்டும். கனமான பக்கம் மேட்டை நோக்கி இருக்கும்படி ரிவர்ஸில் ஏற்றுவதும் உண்டு. ஆனால் அப்போது ரோட்டவேட்டர் மூக்குப் பக்கம் போய்விடும், நிறுத்துமிடத்தை மறுபடி கணக்கிட வேண்டும். தளமே சாய்ந்து கொடுக்கும் டிரெய்லர்கள் வருகின்றன. பணம் இருந்தால் அதுவே நல்லது. பேராக்கின் சாயங்கால மழையில் வெறும் மரப்பலகையில் சேற்றுச் சக்கரம் ஏறாது. இரும்பு வலைத்தகடோ குறுக்கே வைத்துப் பற்றவைத்த ஆங்கிள் இரும்போ கட்டாயம்.

இன்னொரு பொறியும் உண்டு. டிராக்டரின் முழு எடையும் டிரெய்லரின் வாலில் நிற்கும் அந்தச் சில நொடிகளில் மூக்கு மேலே எழும்பி, பிக்கப்பின் பின்சக்கரங்களைத் தூக்குகிறது. கைபிரேக் பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தான். அவை தரையை விட்டால் பிக்கப், டிரெய்லர், டிராக்டர் மூன்றும் சேர்ந்து உருளும். முன்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரெய்லரின் வாலுக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகே டிராக்டரில் ஏற வேண்டும். பழைய தோட்டங்களில் செம்பனைக் குலையை லோரிக்குத் தள்ளும் மண்மேடு இருக்கும். அதன் பக்கத்தில் நிறுத்தி டிராக்டரைச் சமதளமாகவே உள்ளே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிடச் சிறந்த ஏற்றுப்பலகை கிடையாது.

கட்டுவது நாலு மூலையிலும், சங்கிலியால். திடீர் பிரேக்கில் பாரத்தின் 80 விழுக்காடு அளவு விசை முன்னே தள்ளும் என்று வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். நமக்கு அது 700 கிலோ. நைலான் கயிறு துணி காயப்போட நல்லது.

மாதம் ஒருமுறை மட்டும் நகர்த்துகிறவருக்கு இத்தனையும் வேண்டாம், சிறு லோரியை வாடகைக்குப் பிடிப்பதே மிச்சம் என்பது என் கட்சி. சித்தப்பா வாரம் மூன்று நாள் நகர்த்துகிறவர். நிலக்கடலைக்குப் பேர்போன மெங்லெம்பு வரை போய்ப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். "பதிவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்ற இடத்திலிருந்து உடனே கிளம்பினோம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளாமல் முன்பணம் கொடுத்தால், டிரெய்லர் வீட்டு வாசலில் வாழைக்கன்று வைக்கத்தான் ஆகும். கடைசியில் இரண்டு அச்சு, தாழ்ந்த தளம், தள்ளு பிரேக், 102 போட்ட டயர் என்று ஒன்று அமைந்தது.

வந்த அன்றே வீட்டுக் குளியலறைத் தராசை வெளியே எடுத்தேன். 142 கிலோவை அது தாங்காது. ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும் மறுமுனையைத் தராசு மேலும் வைத்து, செங்கல்லிலிருந்து ஓரடி, தராசிலிருந்து ஈரடி தூரத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்கினோம். மூக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் தராசுக்குப் போகும். பலகையின் எடையைக் கழித்துவிட்டு மூன்றால் பெருக்கினால் விடை. முதல்முறை 31 காட்டியது. டிராக்டரை முன்னே எடுத்தார். 54. "கழுத்து நசுங்குது" என்று சொல்லிக் கொஞ்சம் பின்னே விட்டார். 47. மூன்றால் பெருக்கினால் 141.

சித்தப்பா கொட்டகைக்குள் போய் வெள்ளைச் சாய டப்பாவோடு வந்தார். முன்சக்கரம் நின்ற இடத்தில் டிரெய்லர் தளத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.