பட்டியலில் விடுபட்ட மலை

காலை பத்தரை மணிக்குப் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழைந்தோம். உச்சியைத் தொட்டபோது மணி இரண்டு. இடையில் கடந்த தூரம் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

அந்த மலையின் பெயர் மெக்நாட்டன். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், அடிரோண்டாக் மலைகளில் இருக்கிறது. நியூயார்க் என்றதும் நமக்குக் கண்ணில் வந்து நிற்பவை அடுக்குமாடிக் கட்டடங்கள்தான். அதே மாநிலத்தில் சுமார் 60 லட்சம் ஏக்கரில் அடிரோண்டாக் பூங்கா பரந்து கிடக்கிறது. அதிலுள்ள அரசுக் காடு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும், அதை விற்கவோ மரங்களை அழிக்கவோ கூடாது என்று 1894-இல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டார்கள். கையில் அரிவாளோடு போய் ஆளுக்கொரு வழி வெட்டிக்கொள்ள அங்கே இடமில்லை. பாதை போடாத சிகரத்துக்குப் போக வேண்டுமென்றால் கிளைகளை விலக்கி, குனிந்து, தவழ்ந்துதான் போக வேண்டும். இந்த நடைக்கு 'புஷ்வேக்கிங்' என்று பெயர்.

என்னைக் கூட்டிப்போன நண்பர் தேனிப் பக்கம் பிறந்தவர். பல வருடங்களாக நியூயார்க்கில் வேலை. சிறுவயதில் மேற்குத் தொடர்ச்சி மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர் என்பதால், மலை இல்லாத ஊரில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. கிளம்பும்போதே என் பையை வாங்கிப் பார்த்தார். வெளியே தொங்கிய தண்ணீர்க் குப்பி, துண்டு, தொப்பி எல்லாவற்றையும் உள்ளே திணித்தார். "வெளிய தொங்குறது எதுவும் உங்களுக்குச் சொந்தமில்ல அண்ணே, மரம் பிடுங்கிக்கும்" என்றார். முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, கண்ணுக்கு வெல்டிங் பட்டறையில் போடுவதுபோன்ற கண்ணாடி.

அது எதற்கு என்று மேலே போனதும் தெரிந்தது. அடிவாரத்தில் மேப்பிளும் பீச்சும் நன்றாக இடம்விட்டு நிற்கின்றன. ஏறத்தாழ 3,000 அடியைத் தாண்டியதும் காடு வேறு முகம் காட்டுகிறது. பால்சம் ஃபிர், ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் ஆளுயரத்துக்கு, தேர்த் திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்து நிற்கின்றன. வெயில் எட்டாத கீழ்க்கிளைகள் காய்ந்து ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும். முதல்நாள் இரவு மழை பெய்திருந்ததால் ஒவ்வொரு கிளையும் தள்ளத் தள்ளக் குடத்தைக் கவிழ்த்ததுபோல் தண்ணீரைக் கொட்டியது. புயலில் சாய்ந்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. தரையில் கால் படாமல் அவற்றின் மேலேயே இருபது முப்பது அடி நடந்தோம். பச்சைப் பாசி மெத்தை போல் தெரிந்த ஓரிடத்தில் நம்பிக் கால் வைத்தேன். பாறையிடுக்கு. தொடை வரை உள்ளே போய்விட்டது.

"என் முதுக ஒட்டி வராதீங்கண்ணே. நான் தள்ளுற கிளை திரும்பி வந்து உங்க மூஞ்சியிலதான் அடிக்கும்."

ஆனால் பத்தடி பிந்தினால் ஆள் தெரியவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். பிசின் மணம் மட்டும் மூச்சு முழுக்க நிறைந்திருந்தது. ஊருக்குத் திரும்பி இரண்டு முறை துவைத்த பிறகும் சட்டையில் அது இருந்தது.

திசைகாட்டி வைத்திருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த வட்டாரத்தில் திசைகாட்டி முள் காட்டும் வடக்கு, உண்மையான வடக்கிலிருந்து சுமார் 13 டிகிரி மேற்கே விலகியிருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் மூன்று கிலோமீட்டர் நடந்தால் அறுநூறு மீட்டருக்கு மேல் தள்ளி எங்கேயோ நிற்போம். ஏறும்போதாவது ஒரு தைரியம் உண்டு. மேடாகவே போய்க்கொண்டிருந்தால் முகடுகள் ஒன்றுகூடி உச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இறங்கும்போது அதே முகடுகள் விசிறிபோல் பிரிகின்றன. மேலே பத்தடி பிசகினால் கீழே வேறு பள்ளத்தாக்கு. நண்பர் உச்சிக்குப் போனதும் முதலில் செய்த காரியம், இறங்க வேண்டிய திசையைத் திரும்பப் பார்த்து வைத்ததுதான்.

அடிரோண்டாக் மலைகளை ஒரு கணக்காக வைத்து ஏறத் தொடங்கியவர்கள் பாப், ஜார்ஜ் என்ற மார்ஷல் சகோதரர்களும் அவர்களின் வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க்கும். முன்பு சொன்ன அந்தக் காட்டுச் சட்டத்தைக் காப்பதற்காகப் பாடுபட்ட வழக்கறிஞர் லூயிஸ் மார்ஷலின் பிள்ளைகள் அவர்கள். 1918-இல் தொடங்கினார்கள், 1925-க்குள் 4,000 அடிக்கு மேற்பட்டவை என்று அன்றைய வரைபடம் சொன்ன 46 சிகரங்களையும் முடித்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு அப்போது பாதையே கிடையாது. பாப் மார்ஷல் பின்னாளில், 1935-இல், காடுகளைக் காக்கும் 'வில்டர்னஸ் சொசைட்டி'யை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

1937-இல் கிரேஸ் ஹுடோவால்ஸ்கி 46 சிகரங்களையும் ஏறி முடித்த முதல் பெண்மணியானார். இப்படி ஏறி முடித்தவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. பாதையற்ற உச்சிகளில் குப்பிக்குள் ஒரு பதிவேடு வைத்தார்கள். ஏறியவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வரலாம். பட்டியலை முடித்தவர்கள் எண்ணிக்கை இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அத்தனை கால்களும் ஒரே உச்சியைத் தேடிப் போனால் என்ன ஆகும்? நம் ஊர் வயல்வெளியில் ஒற்றையடிப் பாதை விழுவதுபோல்தான் ஆனது. ஒன்றல்ல, ஒவ்வொரு மலையிலும் பல. செடி தேய்ந்து, மண் கரைந்து, வேர் எலும்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிளைகளால் மூடினார்கள். பதிவேட்டுக் குப்பிகளும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அகற்றப்பட்டன.

மெக்நாட்டனுக்கு இரண்டு நாள் முன்பு கூக்சக்ராகா மலைக்குப் போயிருந்தோம். பெயரளவில் அதுவும் பாதையற்ற சிகரம். போன வழியோ வாய்க்கால்போல் குழிந்து கிடந்தது. நடுவே ஒரு சதுப்பு. சேற்றில் முழங்கால் வரை இறங்கிய பழைய தடங்கள், அவற்றைத் தவிர்க்கப் போனவர்களால் ஓரத்தில் விழுந்த புதுத் தடங்கள். இதில் வேதனையான சங்கதி, அதன் உயரம் 3,820 அடிதான். பிற்பாடு எடுத்த அளவீட்டில் 46-இல் நான்கு சிகரங்கள் 4,000 அடியை எட்டாதவை என்று தெரிந்தது. மரபு கருதிப் பட்டியலை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதே மறு அளவீட்டில் 4,000 அடி என்று கணக்கில் வந்த மலை மெக்நாட்டன்! பட்டியல் முன்பே முடிந்துவிட்டதால் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் வந்த கணக்கு அதைச் சில அடிகள் குறைத்தும்விட்டது. ஆக, அங்கே யாரும் போயாக வேண்டிய கட்டாயமில்லை. மங்கலான சில தடங்கள் தெரிந்தன. பத்து நிமிடம் காட்டிவிட்டு மறைந்துபோயின. உச்சியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது பாசி பாசியாகவே இருந்தது. மரங்களின் இடைவெளியில் கீழே ஏரிகள் மினுங்கின. பேச்சுக்குரல் எங்கும் இல்லை.

பட்டியலில் சேராததுதான் அந்த மலையைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் முடிவு. இன்று பட்டியலுக்கு மேலான ஆபத்து நம் கைபேசியிலேயே இருக்கிறது. ஒருவர் நடந்த ஜிபிஎஸ் கோட்டை இணையத்தில் போட்டால், அடுத்து வரும் ஆயிரம் பேரும் அந்த ஒரே கோட்டில்தான் மிதிப்பார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு இருட்டிய பின் வந்து சேர்ந்தோம். என் கைபேசியை வாங்கி, அன்று நடந்த கோட்டை நண்பர் என் கண்ணெதிரே அழித்தார். நான் மறுக்கவில்லை.

எந்த நாட்டு மலையானாலும், அனுமதி உள்ள இடத்தில், பாதையில்லாத உச்சிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரிசையாக ஒருவர் தடத்தில் ஒருவர் மிதிக்காமல் பரவி நடங்கள். வழி தெரிவதற்காக மரத்தில் ரிப்பன் கட்டாதீர்கள், பட்டையைச் சீவாதீர்கள். மலையின் பெயரை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நடந்த கோட்டை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.